வன்தட்டு நின்றபோது கையை எடுத்த தட்டச்சருக்கு மறுதேர்வு கோரி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மாடி வீடு,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
அலுவலகப் பணியாளர் தேர்வு வாரியம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவின் தற்காலிகத் தட்டச்சர் தட்டச்சுத் திறன் தேர்வில் தோல்வியுற்றதாக அறிவிக்கப்பட்டது – அதற்குக் காரணம் அவர் கையின் வேகம் அல்ல, கணினி வன்தட்டின் வேகமே என்பது – இறுதிப் பட்டியல் வெளியாகும் முன் மறுதேர்வு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது முதல் மனு. 2. அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள். பணியின் கடைசி ஆண்டுகளில் எங்கள் பள்ளிக்குக் கணினிகள் வந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வரவில்லை. "கணக்கு வர்றவங்களுக்குக் கம்ப்யூட்டர் வராதா டீச்சர்?" என்று சொல்லித் தலைமையாசிரியர் அந்த அறையின் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். வராததை வரவழைத்துக்கொண்டேன். ஆகவே இம்மனுவில் கணினியைப் பற்றி நான் எழுதுவது கேள்வி ஞானம் அல்ல; பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து, கெடுத்தும் சரிசெய்தும் அறிந்தது.

2. இம்மனு எனக்காக அல்ல. என் கீழ்வீட்டில் குடியிருக்கும் பெண்மணிக்காக. அவர் எனக்கு உறவில்லை. எங்களுக்கு இடையே உள்ளது ஒரு மாடிப்படி மட்டுமே. பதினோரு ஆண்டுகளாகப் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் தற்காலிகத் தட்டச்சராக இருக்கிறார். அங்கே எல்லோருக்கும் அவர் "டைப்பிங் அக்கா". பிறந்த குழந்தையின் பெயரானாலும், கண்மூடிய பெரியவரின் பெயரானாலும், அவர் விரல் வழியாகத்தான் தாளுக்கு வரும். அந்தப் பணி இப்போது நிரந்தரமாக்கப்பட்டிருக்கிறது. பணி நிரந்தரம்; பணியாளர் யார் என்பதைத் தங்கள் வாரியத்தின் தேர்வு முடிவு செய்யும். வயது வரம்பின்படி அவர் எழுதக்கூடிய கடைசித் தேர்வு இது. அதில் அவர் தேறவில்லை என்று முடிவு வந்தது. தேறாதவர் தாம் இதுநாள்வரை உட்கார்ந்த நாற்காலியைத் தேறியவருக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. இதுவே சங்கதி.

3. தேர்வு நாளன்று நடந்ததை அவர் சொன்னபடியும், அருகில் இருந்தவர்கள் சொன்னபடியும் வரிசையாக எழுதுகிறேன்.

தேர்வுக்கூடத்தில் முன்வரிசைக் கணினிகள் புதியவை. எழுத வந்தவர்கள் அதிகமாக இருந்ததால், பின்வரிசையில் சில பழைய கணினிகள் போடப்பட்டிருந்தன. கீழ்வீட்டுப் பெண்மணிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது முன்வரிசை. பின்வரிசை இடம் ஒன்று குளிர்சாதன இயந்திரத்துக்கு நேர் கீழே இருந்தது. அந்த இடம் கிடைத்த இளம்பெண் ஒருவர் ஜலதோஷத்தால் தும்மித் தும்மிக் கண் சிவந்திருந்தார். "அக்கா, இந்தக் காத்து நேரா மூஞ்சியில அடிக்குது, கொஞ்சம் மாத்திக்கலாமா?" என்று கேட்டார். இவர், "அதுக்கென்னம்மா, எனக்குக் காத்துன்னா கொண்டாட்டம்" என்று எழுந்துவிட்டார். கண்காணிப்பாளரின் அனுமதியோடுதான் இடம் மாறினார்கள்.

பழைய கணினி முன்னால் உட்கார்ந்ததும் கண்காணிப்பாளர், "ஸ்டோர் ரூம்ல இருந்து நேத்துதாம்மா எடுத்துட்டு வந்தோம். கொஞ்சம் மக்கர் பண்ணும், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார். சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது: ஒவ்வொரு பத்தி முடிந்ததும் தட்டச்சு செய்ததைச் சேமிக்க வேண்டும். இவர் முதல் பத்தியை அடித்தார், சேமித்தார், திரை உறைந்தது. வெள்ளை பூத்து, அம்புக்குறி வட்டமாகச் சுழன்றது. இவர் விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். திரை மீண்டது. இரண்டாம் பத்தியை அடித்தார், சேமித்தார், மறுபடி அதே கதை. "சார், மெஷின் நிக்குது" என்று சொல்லியிருக்கிறார். "பேசாதீங்கம்மா, டைம் ஓடுது" என்று பதில் வந்திருக்கிறது. மணி அடித்தபோது கடைசிப் பத்தி பாதியில் நின்றது. அடித்த பகுதியில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை என்பதைத் தங்கள் மதிப்பெண் தாளே ஒப்புக்கொள்கிறது. குறைந்தது வேகம் மட்டுமே.

4. என் முதல் மனுவுக்குத் தங்கள் அலுவலகம் மரியாதையாகப் பதில் அனுப்பியது. அதற்கு நன்றி. பதிலே வராத மனுக்களின் உலகத்தில் அது பெரிது. அப்பதிலில் மூன்று காரணங்கள் சொல்லப்பட்டுள்ளன. ஒன்று: கண்காணிப்புக் கேமராப் பதிவில் தேர்வர் பலமுறை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா அமர்ந்திருப்பது தெரிகிறது, எனவே பயிற்சிக் குறைவே காரணம். இரண்டு: தட்டச்சு போன்ற அன்றாடப் பயன்பாட்டுக்கு வன்தட்டின் வேகம் ஒரு பொருட்டல்ல. மூன்று: இருக்கையை அவரே விரும்பி மாற்றிக்கொண்டார். மூன்றுக்கும் என்னால் இயன்ற விளக்கத்தைப் பணிவுடன் தருகிறேன். நடுவில் உள்ளதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது விளங்கினால் மற்ற இரண்டும் தாமே விளங்கும்.

5. அன்றாடம் கணினியைப் பயன்படுத்துவோருக்கு வன்தட்டின் வேகம் முக்கியமா? கடைக்காரர்கள் ஹார்டு டிஸ்க் என்று சொல்வதைத்தான் வன்தட்டு என்கிறேன். தங்கள் அலுவலகம் சொன்னது முழுத் தவறல்ல, பாதி சரி. பாதி சரியான விடைக்கு நான் என்றும் பாதி மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். பாட்டு கேட்பவருக்கு அது பொருட்டல்ல. ஏற்கெனவே திறந்து வைத்த பக்கத்தைப் படிப்பவருக்கும் அல்ல. ஒரு பத்தியைத் தொடங்கி முடிப்பதற்குள், நடுவில் எதையும் திறக்காமல் சேமிக்காமல் அடித்துக்கொண்டே போகும்வரை, தட்டச்சருக்கும் அல்ல. இந்த அளவுக்குத் தங்கள் பதிலை ஏற்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்ல அனுமதி வேண்டுகிறேன். தங்கள் அலுவலகத்தில் பதிவறை ஒன்று இருக்கும். கோப்புகளை எடுத்து வரவும் திருப்பி வைக்கவும் ஒரே ஒரு பணியாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயதானவர், மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். தங்கள் மேசையில் கோப்பு விரிந்திருக்கும்வரை அவர் நடையின் வேகம் தங்களுக்குத் தெரியவே தெரியாது. "அந்தக் கோப்பைக் கொண்டுவாங்க", "இதைப் பத்திரமா வச்சுட்டு வாங்க" என்று சொல்லும் நேரத்தில்தான் தெரியும். பழைய வகை வன்தட்டு அந்தப் பணியாளர். அதற்குள் ஒரு தட்டு சுழல்கிறது. ஒரு சிறு கை ஒவ்வொரு தகவலையும் தேடி அங்குமிங்கும் நகர வேண்டும். புதிய வகையில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. கோப்புகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போன்றது.

இப்போது அதே பணியாளரிடம் மேலதிகாரி ஒருவர், "பதிவறையில இருக்கிற எல்லாக் கோப்பையும் கரையான் அரிச்சிருக்கான்னு ஒண்ணு விடாமப் பாருங்க" என்று சொல்லிவிட்டதாக நினைத்துப் பாருங்கள். அந்த வேளையில் தாங்கள் ஒரே ஒரு தாளை நீட்டி, "இதை வச்சுட்டு வாங்க" என்கிறீர்கள். அவர் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். வருவார், எப்போது வருவார் என்றுதான் சொல்ல முடியாது. தேர்வு நாளன்று நடந்தது இதுவே. நெடுநாள் அணைந்து கிடந்த கணினியை எழுப்பினால், விட்டுப்போன வேலைகளையெல்லாம் அது ஒரே மூச்சில் செய்யப் பார்க்கும். அவற்றுள் முதன்மையானது வைரஸ் சோதனை. திரையின் மூலையில் சோதனை நடப்பதாக ஒரு சிறு கட்டம் தெரிந்ததாகக் கீழ்வீட்டுப் பெண்மணி சொல்கிறார். அத்தகைய நேரத்தில் "ஒவ்வொரு பத்திக்கும் சேமி" என்று சொல்வது, கரையான் பார்த்துக்கொண்டிருப்பவரை ஒவ்வொரு தாளுக்கும் கூப்பிடுவது போலாகும். அறிவிப்பை ஒட்டியவர் நல்லெண்ணத்தோடுதான் ஒட்டினார். மின்சாரம் போனால் உழைப்பு வீணாகக் கூடாது என்று நினைத்திருப்பார். ஆனால் அந்த நல்லெண்ணம் முன்வரிசைக்குப் பொருந்தியது. பின்வரிசையின் கழுத்தைப் பிடித்தது.

சான்றுக்கு ஒன்று சொல்கிறேன். பின்வரிசையில் எழுதித் தேறியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர். தவறாக இருந்தால் திருத்துங்கள். அவர் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது: "நான் எங்கடா சேவ் பண்ணேன்? கடைசியா ஒரே ஒரு அமுக்கு. அந்த நோட்டீசை யாரு படிச்சா?" அந்தத் தம்பி தேறியதில் எனக்கு வருத்தம் இல்லை. சொன்னபடி செய்தவர் தோற்று, சொன்னதைப் படிக்காதவர் வென்றதைத்தான் ஓர் ஆசிரியையாக என்னால் விழுங்க முடியவில்லை.

6. அடுத்து, கையை எடுத்துவிட்டுச் சும்மா அமர்ந்திருந்தார் என்பது.

ஐயா, அவர் கையை எடுத்தது உண்மை. கேமரா பொய் சொல்லவில்லை. ஆனால் கேமராவுக்குத் தேர்வரின் முகமும் கையும் தெரிந்தன. அவர் பார்த்த திரை தெரியவில்லை.

பதிவுப் பிரிவில் உள்ள கணினிகளும் பழைய வன்தட்டு உடையவையே. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், திரை உறைந்திருந்தபோது எழுத்து விழவில்லை என்று நினைத்து, ஒரு குழந்தையின் பெயரை மீண்டும் அடித்துவிட்டார். இயந்திரம் விழித்துக்கொண்டதும் இரண்டையும் ஒட்டி எழுதிவிட்டது. சான்றிதழ் அப்படியே வெளியே போனது. குழந்தையின் அப்பா மறுநாள் வந்து, "என்ன மேடம், எம்பொண்ணு ஒருத்தி, பேரு மட்டும் ரெட்டைப் பிள்ளையா?" என்று கேட்டாராம். அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அதைத் திருத்த அந்த அப்பா அலைந்த அலைச்சல் சிரிப்பாக இல்லை. அன்று அப்பிரிவின் மூத்த எழுத்தர் எல்லோரையும் கூட்டி ஒரே ஒரு விதி சொன்னார்: "மெஷின் நின்னா கையை எடு. அது திரும்பி வர்ற வரைக்கும் எந்தப் பட்டனையும் தொடாதே. பொறந்தவன் பேரும் செத்தவன் பேரும் விளையாட்டு இல்ல."

அன்றிலிருந்து அந்த அறையில் அதுவே வழக்கம். நான் ஒருமுறை என் அக்காவின் இறப்புச் சான்றிதழுக்காகப் போயிருந்தபோது கண்ணால் பார்த்தேன். ஒரே நேரத்தில் நாலைந்து மேசைகளில் கணினி உறையும். நாலைந்து பேரும் ஒன்றுபோலக் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். வரிசையில் நின்றவர் ஒருவர், "என்ன அக்கா, எல்லாரும் சரண்டரா? போலீஸ் எதுவும் வந்திருச்சா?" என்று கேலி செய்தார். "வந்திருந்தா அவங்களுக்கும் டோக்கன் கொடுத்து நிக்க வச்சிருப்போம்" என்று டைப்பிங் அக்கா திரையிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னார். துக்கத்தோடு நின்ற எனக்கும் சிரிப்பு வந்தது.

கேமராவில் தாங்கள் பார்த்தது சோம்பலோ பயிற்சிக் குறைவோ அல்ல; பதினோரு ஆண்டுப் பயிற்சி. ஓர் அரசு அலுவலகம் தன் பழுதான கருவியோடு வாழ்வதற்காக ஒரு பணியாளருக்குப் பொறுமையைப் பழக்கியது. அந்தப் பொறுமையைக் குற்றம் என்று மற்றோர் அலுவலகம் எழுதியிருக்கிறது. பயிற்சி இல்லாதவராக இருந்தால் பதறிப்போய் விசைகளைத் தாறுமாறாகத் தட்டியிருப்பார், பிழைகள் குவிந்திருக்கும். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாத அந்தத் தாளே இதற்குச் சாட்சி.

7. தங்கள் பதில் வந்தபிறகு நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

பதிலை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். காட்டியிருக்க வேண்டாமோ என்று பின்னர் தோன்றியது. அவர் வாதாடவில்லை, அழவும் இல்லை. "சரிதான் டீச்சர். நான் கொஞ்சம் மெதுவுதான் போல" என்றார். வண்டி ஓட்டும் அவர் கணவர், "பெரியவங்க கேமராவைப் பார்த்துத்தானே எழுதியிருப்பாங்க" என்றார். அந்த வாரம் முழுவதும் வீட்டிலும் அவர் மெதுவாகவே நடமாடினார். மகள் ஏதோ கேட்டால் இரண்டாவது தடவைதான் பதில் வரும். வேலை போவது ஒரு துன்பம். தன் கையைப் பற்றித் தானே ஐயப்படுவது வேறொரு துன்பம். அதற்கு எந்த வாரியமும் மறுதேர்வு வைப்பதில்லை.

ஆகையால் நான் அவரை எங்கள் தெருவில் உள்ள கணினி பழுதுபார்க்கும் கடைக்கு அழைத்துச் சென்றேன். கடைக்காரர் ஒரே மாதிரியான இரண்டு கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் சுழலும் பழைய வன்தட்டு. மற்றதில் சுழலாத புதிய வகை. வேறு எந்த வித்தியாசமும் இல்லை. என் வேண்டுகோளின்படி இரண்டிலும் வைரஸ் சோதனையை ஓடவிட்டார். நாளிதழின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, பத்திக்குப் பத்தி சேமித்துக்கொண்டே அடிக்கச் சொன்னேன். பழைய தட்டில், தேர்வுக்கூடத்தில் நடந்தது அப்படியே நடந்தது: அடி, சேமி, கையை எடு, காத்திரு. பிறகு புதிய தட்டுக்கு மாறினார். முதல் பத்தி முடிந்தது, சேமித்தார், பழக்கத்தில் கை தானாக மேலே எழுந்தது. ஆனால் திரை நிற்கவில்லை. எழுந்த கை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது. அதன்பின் கடைசி வரி வரைக்கும் எழவே இல்லை.

கடைக்காரர், "அக்கா, போதும் அக்கா, கீபோர்டு தீப்பிடிச்சுடப் போகுது" என்றார். டைப்பிங் அக்கா சிரிக்கவில்லை. தம் விரல்களை யாரோ இரவல் கொடுத்த பொருளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு, "டீச்சர், என் கை இவ்வளவு வேகமா?" என்று கேட்டார்.

பதினோரு ஆண்டுகளில் அவர் தம் வேகத்தைத் தாமே பார்த்தது அன்றுதான். அன்றாடப் பயனாளிக்கு வன்தட்டின் வேகம் ஒரு பொருட்டா என்ற கேள்விக்கு, நான் மேலே எழுதிய எடுத்துக்காட்டுகளை எல்லாம் அடித்துவிட்டு இந்த ஒரு கேள்வியை மட்டும் விடையாக ஏற்றுக்கொண்டாலும் எனக்குச் சம்மதமே.

8. இருக்கையை அவரே மாற்றிக்கொண்டார் என்பது குறித்து. ஆம், மாற்றிக்கொண்டார். காற்றை மாற்றிக்கொண்டார், கணினியை மாற்றிக்கொள்வதாக நினைக்கவில்லை. தேர்வுக்கூடத்தில் எல்லா இருக்கையும் சமம் என்று நம்பித்தான் எவரும் உட்காருவர். அப்படி நம்ப வைப்பது வாரியத்தின் கடமை. ஒரு வகுப்பில் பாதிப் பேருக்கு அச்சிட்ட வினாத்தாளும், மீதிப் பேருக்கு மை கலைந்த வினாத்தாளும் கொடுத்துவிட்டு, "நீதானே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாய்" என்று கேட்க எந்த ஆசிரியருக்கும் நா எழாது.

அந்த இளம்பெண்ணைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் தேறிவிட்டார். தற்காலிகப் பட்டியலின்படி அவருக்கு ஒதுக்கப்பட்டிருப்பது இதே பதிவுப் பிரிவு, இதே நாற்காலி. பட்டியல் உறுதியாகும்வரை வேலையைக் கற்றுக்கொள்ள அவரை இப்போதே அனுப்பியிருக்கிறார்கள். கற்றுக்கொடுப்பவர் யார் என்பதைத் தாங்கள் ஊகிக்கலாம். முதல் வாரத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு நாள் மாலை என் மாடிப்படியில் ஏறி வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "டீச்சர், அந்த மெஷின்ல நான்தான் உட்கார்ந்திருக்கணும். அவங்க எனக்கு ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுக்கும்போது எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது" என்றார். தான் பார்த்ததை எழுதி, கையெழுத்திட்டுத் தரவும் தயாராக இருந்தார்.

நான் அதை வாங்கலாம் என்றுதான் நினைத்தேன். கீழ்வீட்டுப் பெண்மணிக்குத் தெரிந்ததும் படியேறி வந்து என்னைத்தான் கடிந்துகொண்டார். "அவ சின்னப் பொண்ணு டீச்சர். இப்பதான் வேலைக்குள்ள வந்திருக்கா. எனக்காக அவளை எதுக்கு வம்புல மாட்டி விடுறீங்க? அவ தும்மினதுக்கு அவளா பொறுப்பு?" என்றார். எனவே அந்தப் பெண்ணிடமிருந்து எதையும் எழுதி வாங்கவில்லை. இம்மனுவுடன் இணைக்கவும் இல்லை. இருக்கை மாறியது தங்கள் பதிவிலேயே இருப்பதால், புதிதாக எவரையும் நான் காட்டிக்கொடுக்கவில்லை என்று என் மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன்.

9. ஆகவே நான் வேண்டுவன:

அ) இறுதிப் பட்டியல் இம்மாத முடிவில் வெளியாகும் என அறிகிறேன். அதற்கு முன்பாக இவருக்கு முன்வரிசைக் கணினி ஒன்றில் மறுதேர்வு நடத்த வேண்டும். வினாத்தாள் கடினமாக இருந்தாலும் சரி. சலுகை மதிப்பெண் வேண்டாம். வயதில் தளர்வு வேண்டாம். நிற்காத கணினி ஒன்று போதும்.

ஆ) பின்வரிசையில் எழுதித் தோற்ற மற்றவர்களுக்கும் அவ்வாறே வாய்ப்பளிக்க வேண்டும். அவர்கள் யார் என்பது எனக்குத் தெரியாது. அவர்களும் இப்போது எங்கோ ஒரு வீட்டில், "நான் மெதுவுதான் போல" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

இ) கேமராப் பதிவை மட்டும் பார்க்காமல், அந்தக் கணினி தனக்குள் வைத்திருக்கும் பதிவையும் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்க்க வேண்டும். எப்போது சோதனை ஓடியது, எப்போது செயல் நின்றது என்பதை அது குறித்து வைத்திருக்கக்கூடும். இவர் கை எழுந்த நேரமும் அது நின்ற நேரமும் பொருந்தினால், அதற்குமேல் என் வாதம் தேவைப்படாது.

ஈ) அக்கணினிகளைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. வன்தட்டை மட்டும் மாற்றினாலே அவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அதுவரை அந்த அறிவிப்பையாவது பின்வரிசையிலிருந்து எடுத்துவிடலாம்.

உ) இடம் மாறிய இளம்பெண்ணின் தேர்ச்சியையோ நியமனத்தையோ எவ்வகையிலும் தொடக் கூடாது. கண்காணிப்பாளர் மீதும் நடவடிக்கை வேண்டாம். அவருக்குக் கொடுக்கப்பட்ட கணினிகளைத்தான் அவர் வைத்தார். பதிவுப் பிரிவில் வேலை குவிந்து கிடக்கிறது. இரண்டு நாற்காலிகளுக்கு அங்கே தாராளமாக இடம் உண்டு என்பதையும் கண்ணால் பார்த்தவள் என்ற முறையில் தெரிவித்துக்கொள்கிறேன். அது தங்கள் அதிகாரத்தில் இல்லை என்றால், அதிகாரம் உள்ளவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுகிறேன்.

10. இரண்டாவது முறை எழுதுவதால் தங்களுக்கு எரிச்சல் ஏற்பட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். வகுப்பில் ஒரு கணக்குப் புரியாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்துப் பழகியவள். ஓய்வு பெற்றும் அப்பழக்கம் போகவில்லை. தங்களுக்கு ஐயம் இருப்பின், தாங்களே ஒருமுறை அந்தப் பின்வரிசைக் கணினி முன் அமர்ந்து, தங்கள் பெயரையும் முகவரியையும் அடித்து, சேமித்துப் பாருங்கள். நான் எழுதிய இத்தனை பக்கங்களைவிட அது சுருக்கமாக விளக்கிவிடும்.

கடைசியாகத் தபால் குறித்து ஒரு சிறு வேண்டுகோள். அலுவலக நடைமுறைக்கு இது ஒத்துவருமா என்பது எனக்குத் தெரியாது, இருந்தும் கேட்கிறேன். இம்முறையும் தங்கள் பதில் மறுப்பாகவே இருக்குமானால், அதை மேலே குறித்த என் முகவரிக்கு, மாடி வீட்டுக்கு மட்டும் அனுப்புங்கள். அதை என்ன செய்வது, எப்படிச் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். மறுதேர்வுக்கு அழைப்பதாக இருந்தால், தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள். கீழ்வீட்டு முகவரிக்கு அவர் பெயரிட்டே அனுப்புங்கள். விடுப்பு நாட்களில் தபால்காரர் வரும் வேளையில் அவர் வேறு ஏதோ வேலையாக வந்தது போல வாசலுக்கு வந்து நிற்கிறார். அதை அவரே வாங்கிப் பிரிக்கட்டும்.

நாள்: ஆறாம் தேதி, திங்கட்கிழமை.
இடம்: மாடி வீடு, மேற்கண்ட முகவரி.

தங்கள் நியாயத்தை நம்பி எழுதும்,

(ஒப்பம்)
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை